ஆயில் சேம்பர் பேக்கிங்: வீட்டிலேயே மாற்றுவதா, பட்டறையில் விடுவதா?

பழைய கார் வைத்திருப்பவர் காலையில் வண்டியை வெளியே எடுத்ததும் முதலில் பார்ப்பது அது நின்றிருந்த தரையைத்தான். அங்கே கறுப்புத் திட்டு ஒன்று தெரிந்து, அதை மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சேம்பர் பேக்கிங் போயிடுச்சு" என்று சொல்வதே வழக்கம். இன்ஜினின் அடியில் ஆயிலைத் தாங்கி நிற்கும் தகரத் தொட்டியைக் கையேடுகள் ஆயில் பேன் என்றும் சம்ப் என்றும் குறிக்கின்றன. நம் பட்டறைகளில் அது ஆயில் சேம்பர்தான். அந்தத் தொட்டிக்கும் இன்ஜின் பிளாக்கிற்கும் நடுவே ஆயில் கசியாமல் அடைத்து நிற்கும் பேக்கிங்கை மாற்றுவதா, கசிவைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவதா, மாற்றுவதானால் யார் கையால், எந்தப் பொருளைக் கொண்டு மாற்றுவது என்ற கேள்விகளை, என்னிடம் இருக்கும் கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ஐ முன்வைத்து இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

இந்த வண்டியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இந்தக் கார், பாரத் ஸ்டேஜ் 4 புகை மாசு விதிகள் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதே சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனையிலிருந்து விலகிவிட்டது. ஆகவே சென்னையில் புதிதாக வாங்கிய 800 எதுவானாலும் அதன் வயது 15-ஐத் தாண்டிவிட்டது. அதன் ரப்பரும் கார்க்கும் மாற்றப்படாமல் இருந்தால் அவற்றின் வயதும் அதுவே. 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட அந்த இன்ஜின் எளிமையானது, எடை குறைந்தது, மூன்று லிட்டர் ஆயில்கூடக் கேட்காதது. வீட்டில் கைவைக்கத் துணிபவர்களுக்கு இதைவிட இணக்கமான வண்டி அமைவது அரிது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: கசிவு உண்மையிலேயே சேம்பர் பேக்கிங்கிலிருந்துதான் வருகிறதா? ஆயில் எங்கிருந்து கசிந்தாலும் கடைசியில் சொட்டுவது சேம்பரின் விளிம்பிலிருந்துதான், ஏனென்றால் இன்ஜினின் ஆகத் தாழ்வான இடம் அதுவே. மேலே டேப்பெட் கவர் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் அமரும் இடம், கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பின் அடித்தளம், ஆயில் பிரஷர் சுவிட்ச், பக்கவாட்டில் கிராங்க்கின் முன் ஆயில் சீல், கியர்பாக்ஸ் பக்கம் பின் ஆயில் சீல் என்று கசியக்கூடிய இடங்கள் அரை டஜன் இருக்கின்றன. வண்டி ஓடும்போது காற்று அந்த ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிப் பரப்பிவிடுவதால், ஈரமான இடத்தைப் பார்த்து ஊற்றை ஊகிப்பது பெரும்பாலும் பிழையாகவே முடிகிறது. ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் பிளக்கின் வாஷர் தேய்ந்து சொட்டுவதைச் சேம்பர் பேக்கிங் என்று எண்ணி முழுச் சேம்பரையும் இறக்கியவர்களும் உண்டு. அந்த வாஷரின் விலை ஒரு தேநீர்ச் செலவுக்கு மேல் போகாது.

இதைக் கண்டறிவதற்குத் தேவை பொறுமை மட்டுமே. இன்ஜின் ஆறியபின் அடிப்பகுதி முழுவதையும் மண்ணெண்ணெய் அல்லது டிகிரீசர் கொண்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சேம்பர் விளிம்பைச் சுற்றிலும் அதற்கு மேலே உள்ள பகுதியிலும் முகப்பவுடரை லேசாகத் தூவிவிட வேண்டும். பிறகு பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து, டார்ச் ஒளியில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தால், பவுடர் முதலில் கறுத்திருக்கும் இடம்தான் ஊற்று. விளிம்புக்கு மேலே எல்லாம் வெள்ளையாக இருந்து விளிம்பில் மட்டும் கறுத்திருந்தால் குற்றவாளி சேம்பர் பேக்கிங்தான். கிளட்ச் அறையும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஆயில் இறங்கினால் அது பின் ஆயில் சீலாக இருக்கக்கூடும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த நிலையில் வீடா பட்டறையா என்ற கேள்விக்கே இடமில்லை, பட்டறைதான்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சேம்பரில் ஆயில் அழுத்தத்தில் நிற்பதில்லை; மேலிருந்து வழிந்தும் தெறித்தும் அங்கே வந்து சேருகிறது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் பேக்கிங் மீண்டும் மீண்டும் கசிந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து சிலிண்டரில் எரிந்த வாயு கீழே இறங்குகிறதா, அல்லது இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. பிரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் பேக்கிங்கை மாற்றுவது, ஓட்டைப் பானையின் வாயை இறுகக் கட்டுவது போன்றது.

ஊற்று சேம்பர் விளிம்புதான் என்று உறுதியான பிறகு, முதல் தெரிவு ஒன்றும் செய்யாமல் விடுவது. இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. விளிம்பு ஈரமாக மட்டும் இருந்து தரையில் சொட்டு விழவில்லை என்றால், மாதம் ஒருமுறை ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். சொட்டத் தொடங்கியபின் கணக்கு மாறுகிறது. ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளில் 1,440 சொட்டு, அதாவது 72 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் இரண்டு லிட்டருக்கும் மேல். மூன்று லிட்டருக்குள் ஆயில் பிடிக்கும் இன்ஜினுக்கு இது விளையாட்டல்ல. நின்ற இடத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால், அவரவர் வண்டியின் நிலை காகிதத்திலேயே தெரிந்துவிடும். சூடான சைலன்சர் குழாயின் மேல் சொட்டிப் புகை வருமானால், எண்ணிக்கை எதுவானாலும் பொறுத்திருப்பது தகாது.

இரண்டாவது தெரிவு, போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பது. செலவில்லாததால் எல்லாரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். பெரும்பாலான சேம்பர்கள் கெட்டுப்போவதும் இதனால்தான். சேம்பரைப் பிடித்திருப்பவை 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் கேட்கும் சிறிய போல்ட்டுகள். அவற்றுக்குரிய இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர் மட்டுமே. நீளமான ராட்செட் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் அதைப் போல இரண்டு மடங்கு எளிதில் ஏறிவிடும். அப்போது கார்க் பிதுங்கிப் பிளக்கிறது. தகர விளிம்பு ஒவ்வொரு துளையைச் சுற்றியும் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி பேக்கிங்கை விட்டு விலகுகிறது. இறுக்க இறுக்கக் கசிவு கூடுவதன் ரகசியம் இதுதான். போல்ட் உண்மையாகவே தளர்ந்து கையோடு வந்தால், குட்டை ஸ்பேனரால், இரண்டு விரல் பலத்தில், மெல்ல நிறுத்தலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஆயிலில் ஊற்றும் கசிவுத் தடுப்புத் திரவங்கள் முதிர்ந்த ரப்பர் சீல்களைச் சற்று மிருதுவாக்கவும் ஊதச் செய்யவும் கூடும் என்றாலும், உடைந்த கார்க்கையோ குழிந்த தகரத்தையோ அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. கெட்டியான ஆயிலுக்கு மாறுவது கசிவின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

ஆக, மாற்றுவது என்று முடிவானால், யார் மாற்றுவது என்பதுதான் உண்மையான ஒப்பீடு. பட்டறையில் குழியோ லிஃப்ட்டோ இருக்கிறது. மெக்கானிக் நின்றபடி, கண்ணால் பார்த்து, வசதியாகக் கை நீட்டி வேலை செய்கிறார். வீட்டில் நாம் பாயில் மல்லாந்து படுத்து, முகத்தில் சொட்டும் ஆயிலைத் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேல் கைகளைத் தூக்கிப்பிடித்து அதே வேலையைச் செய்கிறோம். குறுக்காக இன்ஜின் வைத்த முன்சக்கர இயக்க வண்டிகள் பலவற்றில் சைலன்சரின் முன்குழாயும் கிளட்ச் அறையின் அடித்தகடும் சேம்பருக்கு வழிமறித்து நிற்கும். அடித்தகடு எளிது. இருபது ஆண்டு சூட்டில் துருவேறிய சைலன்சர் ஸ்டட், அதாவது குழாயைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட், அப்படியல்ல. முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடாமல் ஸ்பேனர் போட்டால் ஒடிந்து வந்துவிடும். ஒடிந்த ஸ்டட்டை வெட்டி எடுக்க வெல்டிங்கும் டிரில்லும் தேவைப்படலாம், அவை பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அனுபவம், கருவி, வெளிச்சம் என்ற மூன்றிலும் பட்டறைக்கே வெற்றி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டறையிடம் இல்லாதது நேரம் ஒன்றுதான், இந்த வேலையோ நேரத்தைத் தவிர வேறெதையும் பெரிதாகக் கேட்பதில்லை. டிரெயின் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்த பிறகும் பிளாக்கின் உட்சுவர்களிலிருந்து மணிக்கணக்கில் ஆயில் வழிந்துகொண்டே இருக்கும். அது ஓயும் முன் விளிம்பைத் துடைத்தால், துடைத்த மறுநிமிடமே மீண்டும் ஈரமாகும். பழைய பேக்கிங்கின் கறுத்த எச்சம் முழுவதையும் சுரண்டி, தின்னரால் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்து, இன்னும் ஒட்டியிருக்கும் துணுக்கை மறுபடி சுரண்ட வேண்டும். சிலிகான் பசை பூசினால் அது முழுமையாக உறைய 24 மணி நேரம் தேவை. குழியை அடுத்த வண்டிக்குக் காலி செய்தாக வேண்டிய பட்டறையில் இதில் எதற்கும் இடமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே வேலைக்கு என் வண்டியை ஒரு பட்டறையில் காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். மூன்று மாதத்தில் கசிவு திரும்பியது. பிறகு வீட்டில் சேம்பரை இறக்கியபோது, விளிம்பில் பழைய கார்க்கின் மேலேயே சிலிகான் பூசியிருந்ததையும், பிதுங்கி உள்ளே விழுந்த சிலிகான் துணுக்குகள் ஆயில் வடிகட்டி வலையில் சிக்கியிருந்ததையும் கண்டேன். அந்த மெக்கானிக்குக் கைத்திறன் இல்லை என்று சொல்லமாட்டேன். டேப்பெட் சத்தத்தைக் காதால் கேட்டே சரிசெய்யக்கூடியவர் அவர். அன்றைக்கு அவருக்குக் கிடைக்காதது ஓர் இரவு.

கம்பெனி சர்வீஸ் மையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசல் பாகம் கிடைத்தால் அதை அங்கே வாங்குவது நல்லது. கூலி பாகத்தின் விலையைப் போலப் பல மடங்கு வரும் என்பதால், இந்த வயது வண்டிக்கு வேலையையும் அங்கே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் செய்வது என்றால் அடுத்த தேர்வு பேக்கிங்கின் பொருள். கார்க் மலிவானது, சற்றே சீரற்ற விளிம்புக்கும் வளைந்து கொடுக்கக்கூடியது. ஆனால் கடையில் நெடுநாள் கிடந்து உலர்ந்த கார்க் சுருங்கிப் போய், துளைகள் போல்ட்டுக்கு நேராக வராமல் அரை அங்குலம் விலகி நிற்கும். சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்குத் திரும்பும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம், அது வேலையும் செய்கிறது. அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங் சுருங்குவதில்லை, பிளப்பதில்லை, சில வகைகளில் போல்ட்டுத் துளைக்குள் சிறு உலோக வளையம் இருப்பதால் அளவுக்கு மீறி இறுக்கவும் விடுவதில்லை. ஆனால் அது நேரான விளிம்பைக் கேட்கிறது. மூன்றாவது, பட்டறைகளில் அனபாண்ட் என்ற கம்பெனிப் பெயரே பொதுப்பெயராகிவிட்ட ஆர்டிவி சிலிகான். சரியாகப் பூசினால் மூன்றிலும் நன்றாக அடைப்பது இதுவே. புதிய வண்டிகள் பலவற்றில் தயாரிப்பாளர்களே பேக்கிங் இல்லாமல் சிலிகான் மட்டும் இட்டு அனுப்புகிறார்கள். அப்படி வந்த வண்டிக்கு நாமாக ஒரு கார்க்கைத் திணிக்கக் கூடாது என்பதால், பழையதைச் சுரண்டும்போது உள்ளே என்ன இருந்தது என்று கவனித்துக்கொள்வது நல்லது.

சிலிகான்தான் சிறந்தது என்று சொல்லிவிட்டு, வீட்டில் செய்பவருக்கு நான் ரப்பரைப் பரிந்துரைப்பது முரணாகத் தோன்றலாம். காரணம் இதுதான். சிலிகான் உறைய ஒரு நாள் கொடுக்க வீட்டால் முடியும். ஆனால் பூசியபின் மேல்தோல் கட்டுவதற்குள், அதாவது பத்து நிமிடத்துக்குள், சேம்பரை நேராகத் தூக்கி, எங்கும் உரசாமல் வைத்து, போல்ட்டுகளைக் கோத்துவிட வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவர் சைலன்சர் குழாய்க்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே சேம்பரை நுழைக்கும்போது, பூசிய கோடு எங்கேயாவது தேய்ந்து அழிவது கிட்டத்தட்ட உறுதி. லிஃப்ட் உள்ளவருக்குச் சிலிகான், தரையில் படுப்பவருக்கு ரப்பர் என்பது என் தீர்ப்பு. ரப்பரிலும், முன்பக்கமும் பின்பக்கமும் வளைவும் நேர்க்கோடும் சேரும் மூலைகளில் மட்டும் கடுகளவு சிலிகான் வைப்பது தேவை. கசிவு மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் அந்த மூலைகளில்தான் தொடங்கும். எங்கே சிலிகான் இட்டாலும், அது மூன்று மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டாமல், போல்ட்டுத் துளையின் உட்பக்கமாக வளைந்து செல்ல வேண்டும்.

பேக்கிங் எதுவானாலும் தகர விளிம்பை நேராக்காமல் பொருத்துவது வீண். சேம்பரைக் கவிழ்த்து, துளைகளைச் சுற்றி எழும்பியிருக்கும் மேடுகளை, அடியில் தட்டையான மரக்கட்டையோ இரும்புத் துண்டோ கொடுத்து, சிறு சுத்தியலால் தட்டிச் சமன் செய்ய வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் எங்கே ஒளி கசிகிறது என்பது தெரியும். வேகத்தடையில் அடிவாங்கிச் சேம்பரின் அடிப்பகுதி உள்ளே குழிந்திருந்தால், அதை அப்படியே திரும்ப மாட்டுவது கசிவைவிடப் பெரிய ஆபத்து. ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியின் வாய் அடித்தளத்துக்கு மிக அருகில் இருப்பதால், குழிவு அதன் வாயை மூடி இன்ஜினைப் பட்டினி போட்டுவிடக்கூடும். குழிவு ஆழமாக இருந்தால் பழைய சேம்பருக்கு விடை கொடுத்துவிட்டு வேறு சேம்பர் வாங்குவதே மேல்.

பாதுகாப்பு பற்றி நான் சொல்வதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் படுப்பதும், ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும், ஏனென்றால் அந்தக் கற்கள் முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை. சமமான சிமென்ட் தரை, எடைக்கேற்ற இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, முழுதாக ஆறிய இன்ஜின் ஆகிய நான்கில் ஒன்று இல்லையென்றாலும் இந்த ஒப்பீடு அங்கேயே முடிந்து, வண்டி பட்டறைக்குப் போக வேண்டியதுதான். மண் தரையும் சரிவான வாசலும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். இன்ஜினைத் தூக்கினாலொழியச் சேம்பர் இறங்காத வண்டிகளுக்கும் அதே பதில்தான்.

வீட்டில் செய்ய முடியாதவர் பட்டறைக்கே போனாலும், வீட்டின் ஆதாயத்தைக் கேட்டு வாங்க முடியும். வண்டியை மாலையில் விட்டு, இரவு முழுவதும் ஆயில் வடியட்டும், மறுநாள் மாட்டுங்கள், அதற்கடுத்த நாள்தான் எடுத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு, குழியை அடைத்துக்கொள்ளாமல் ஓரமாக நிறுத்த அவருக்கு வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பேக்கிங்கை நாமே வாங்கிக் கொடுத்து, வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவச் சொல்வதும், சுத்தம் செய்த விளிம்பை மாட்டுவதற்கு முன் ஒருமுறை காட்டச் சொல்வதும் எந்த நல்ல மெக்கானிக்கும் தவறாக எடுத்துக்கொள்ளாத கோரிக்கைகள். கூலியில் நூறு இருநூறு கூடினாலும் அது நியாயமானதே.

வீட்டில் மாட்டுபவர் எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் கோத்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் குட்டை ஸ்பேனரே காவல். வடித்த பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு என்பதால், சாக்கடையிலோ வேலியோரத்திலோ கொட்டாமல், கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். சிலிகான் எங்கும் தொட்டிருந்தால் ஒரு நாள் கழித்தே புது ஆயிலை ஊற்ற வேண்டும்; ஊற்றிய பிறகு பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அடியில் பார்த்து, அன்றிரவு அதே அட்டையை மீண்டும் விரித்து வைக்க வேண்டும். என் அட்டையில் முதல் இரவு ஒரு சொட்டு இருந்தது. அது விளிம்பிலிருந்து அல்ல, நான் வாஷர் மாற்ற மறந்துபோன டிரெயின் பிளக்கிலிருந்து.